அந்தத் தொகை ஏன் நகர்ந்துகொண்டே போகிறது?

கேள்வி:

மேடம், வணக்கம். எனக்கு 44 வயது. கணக்குத் தணிக்கைத் துறையில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். வீட்டில் கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், எங்களோடு இருக்கும் என் அம்மா. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எனக்கு ஒரு குறையும் இல்லை. அதனாலேயே இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

நான் ஏன் பணத்தின் பின்னால் ஓட ஆரம்பித்தேன் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். எனக்குப் பத்து வயது இருக்கும்போது அம்மாவைப் பெற்ற பாட்டி சாகக் கிடந்தார். போய்ப் பார்த்துவிட்டு வர அம்மா பேருந்துக் கட்டணம் கேட்டார். "இந்த மாதம் முடியாது" என்று அப்பா சொல்லிவிட்டார். பணம் இருந்தது, கொடுக்க மனம் இல்லை. மூன்றாம் நாள் சாவுச் செய்தி வந்தது. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து சத்தம் வெளியே வராமல் அழுதது இன்றும் கண்ணிலேயே நிற்கிறது. என் காசு என் கையில் இருக்க வேண்டும், எதற்கும் யாரிடமும் போய் நிற்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

வேலையில் சேர்ந்ததும் மனதில் ஒரு தொகையை வைத்துக்கொண்டேன். அது சேர்ந்துவிட்டால் பிடிக்காத வேலையை விடலாம், சின்ன வயதில் பாதியில் நின்றுபோன ஓவியத்தை மறுபடி கற்கலாம் என்று கணக்கு. 36 வயதில் அந்தத் தொகை சேர்ந்தது. விலைவாசியைக் காரணம் சொல்லி அதை இரண்டு மடங்காக்கினேன். மூன்று வருடத்துக்கு முன்பு அதுவும் சேர்ந்துவிட்டது. இப்போது மூன்றாவது தொகையை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறேன். ஓவியத்தைத் தொடவே இல்லை.

இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் கைபேசியை எடுத்து வங்கி இருப்பைப் பார்க்கிறேன். பத்து நிமிடம் நிம்மதியாக இருக்கும், அப்புறம் பழைய கதைதான். போன மாதம் கணவர், "ஒரு வருஷம் லீவு போட்டுட்டு வீட்டுல இரு, நான் பார்த்துக்கிறேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு நெஞ்சு படபடத்து, அவரிடம் கத்திவிட்டேன். ஏன் கத்தினேன் என்று இன்னும் புரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மா பெயரில் தனிக் கணக்கு தொடங்கி மாதாமாதம் பணம் போடுகிறேன். ஆனாலும் ஒரு ஜோடி செருப்பு வாங்கக்கூட, "வாங்கிக்கட்டுமா?" என்று என்னிடம் வந்து நிற்கிறார். எனக்கு எரிச்சலாக வருகிறது. பிறகு அதை நினைத்து அழுகை வருகிறது.

பணம் சுதந்திரம் தரும் என்று நான் நம்பியது தப்பா? "ஆசையைக் குறைச்சுக்கோ" என்கிறாள் தோழி. எனக்கு அது ஆசையாகவே தோன்றவில்லை. அப்படியானால் இது என்ன?

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் நம்பியது தப்பில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் ஆலோசனையை உங்களுக்கு நான் தர மாட்டேன். உங்கள் அம்மாவின் கையில் அன்றைக்குப் பேருந்துக் கட்டணம் இருந்திருந்தால் அவர் தன் தாயின் முகத்தைப் பார்த்திருப்பார். அங்கே பணம்தான் சுதந்திரம். தன் பெயரில் காசு இல்லாத பெண்ணுக்கு வேறு எந்தச் சொல்லும் அந்த இடத்தை நிரப்பாது.

பற்றாக்குறை கையை மட்டும் கட்டுவதில்லை, புத்தியையும் கட்டிப்போடுகிறது. கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. அறுவடைக்கு முன்பு கையில் காசில்லாத நாட்களிலும், அறுவடை முடிந்து பணம் வந்த பிறகும் அதே ஆட்களுக்குச் சிந்தனைத் திறன் சோதனை வைத்தார்கள். பணம் வந்த பிறகு தெளிவாகச் சிந்தித்தார்கள். ஆகவே மனிதர்கள் செல்வத்தைத் தேடுவது பேராசையால் மட்டும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். பாதுகாப்புக்காக, பிள்ளைகளுக்காக, பிடிக்காத இடத்திலிருந்து எழுந்து போகும் உரிமைக்காக, நாலு பேருக்கு உதவுவதற்காக எல்லாம் தேடுகிறார்கள். அடுத்தவரை முந்துவதற்காகவும் 'நான் ஒன்றுமில்லாதவன்' என்ற எண்ணத்தை மறைப்பதற்காகவும் தேடுபவர்களும் உண்டு.

இந்த வேறுபாடு முக்கியம். 2001இல் ஸ்ரீவாஸ்தவா, லாக், பார்டோல் என்ற மூன்று ஆய்வாளர்கள், பணத்தைப் பெரிதாக நினைப்பவர்கள் ஏன் மன நிறைவு குறைந்தவர்களாக இருக்கிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். எதற்காகப் பணம் வேண்டும் என்பதைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்டார்கள். பிறரோடு ஒப்பிடுவது, அதிகாரம் காட்டுவது, பகட்டு, தன் மீதுள்ள சந்தேகத்தை வெல்வது, இப்படிப்பட்ட காரணங்கள்தான் மன நிறைவைக் குறைத்தன. அவற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் பணத்தை விரும்புவதால் மட்டும் கேடு தெரியவில்லை. உங்கள் தோழியின் அறிவுரை உங்களிடம் ஏன் ஒட்டவில்லை என்று இப்போது புரிகிறதா? உங்களிடம் இருப்பது ஆசை இல்லை, பயம். ஆசைப்பட்டவர் முதல் தொகை சேர்ந்த அன்றைக்கே தூரிகை வாங்கியிருப்பார்.

ஆசைக்கு ஓர் அளவு உண்டு, பொருள் கைக்கு வந்ததும் கொஞ்ச நாளாவது அடங்கும். பயத்துக்கு அப்படி ஓர் எண் கிடையாது. பத்து வயதுக் குழந்தையின் மனதில் 'மறுபடி அந்த நிலைமை வந்துவிடுமோ' என்று உட்கார்ந்துவிட்ட ஒன்று, எந்தத் தொகையைக் காட்டினாலும் "இது போதுமா?" என்றுதான் கேட்கும். விலைவாசியைச் சொல்லித் தொகையை இரண்டு மடங்காக்கியது நீங்கள் இல்லை, அந்தக் குழந்தை. அதனால்தான் கணவரின் பேச்சுக்கு அப்படிக் கத்தினீர்கள். அவர் ஓய்வு கொடுக்க நினைத்தார். உங்கள் காதில் விழுந்ததோ, 'இனி நீ என்னிடம் கேட்டு வாங்கு' என்பது. அவர் மீது தவறில்லை, உங்கள் மீதும் இல்லை. இன்றைக்கே அவரிடம் பாட்டியின் கதையைச் சொல்லுங்கள். நீங்கள் இதுவரை சொன்னதில்லை என்றுதான் கடிதத்தைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

கடிதத்தில் என்னை நீண்ட நேரம் நிறுத்தியது அந்தச் செருப்பு. அம்மாவின் கணக்கில் பணம் இருக்கிறது, அவரைத் தடுக்க யாரும் இல்லை, ஆனாலும் கேட்கிறார். அத்தனை வருடம் அனுமதி கேட்டே வாழ்ந்த மனதுக்கு, கேட்காமல் வாங்குவது குற்றம் செய்வது போல இருக்கிறது. இப்போது உங்களைப் பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு நீங்கள் வங்கி இருப்பைத் திறந்து கேட்பதும் அதே கேள்விதான்: "ஓவியம் கத்துக்கட்டுமா? கொஞ்சம் உட்காரட்டுமா?" அம்மா உங்களிடம் கேட்கிறார், நீங்கள் ஓர் எண்ணிடம் கேட்கிறீர்கள். உங்கள் எரிச்சலின் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பணம் கூடக்கூட மகிழ்ச்சி கூடுமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் அந்தச் சந்தேகம் வரிகளுக்கு நடுவே இருக்கிறது. பொருளாதார நோபல் பெற்ற கானிமனும் டீட்டனும் அமெரிக்காவில் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டு வருமானம் சுமார் 75,000 டாலரைத் தாண்டியதும் அன்றாட மகிழ்ச்சி அதற்கு மேல் கூடவில்லை என்றார்கள். கில்லிங்ஸ்வொர்த் என்பவர் 2021இல், அப்படி ஒரு நிற்கும் இடமே இல்லை, மகிழ்ச்சி ஏறிக்கொண்டேதான் போகிறது என்று காட்டினார். அப்புறம் கானிமனும் அவரும், நடுவராக மெல்லர்ஸ் என்ற பேராசிரியையும் சேர்ந்து உட்கார்ந்து 2023இல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் ஏறுகிறது. ஆனால் மகிழ்ச்சி மிகக் குறைந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கு மட்டும் ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் நின்றுவிடுகிறது. துக்கம், பிரிவு, மனச்சோர்வு போன்றவற்றைப் பணம் அந்த அளவுக்கு மேல் தொடுவதில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம். நீங்கள் சுமப்பதும் ஒரு பழைய துக்கம் என்றே நான் பார்க்கிறேன். அதற்கு மூன்றாவது தொகையிலும் மருந்து கிடைக்காது.

சரி, என்ன செய்யலாம்? வேலையை விடச் சொல்ல மாட்டேன். பயத்தோடு எடுக்கும் விடுப்பில் ஓய்வு இருக்காது. நீங்கள் கணக்குத் தெரிந்தவர், ஊரார் கணக்கையெல்லாம் சரிபார்ப்பவர். பகல் வெளிச்சத்தில் கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் சொந்தக் கணக்கைத் தணிக்கை செய்யுங்கள். சம்பளமே வராவிட்டால் இருப்பது எத்தனை வருடத்துக்கு வரும் என்று விலைவாசி உயர்வையும் சேர்த்துப் போட்டு எழுதி, தேதி இட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இரவில் விழிப்பு வந்தால் கைபேசிக்குப் பதில் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். கைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைப்பது முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

அடுத்தது, பணத்தைக் கொடுத்துக் கொஞ்சம் நேரத்தை வாங்குங்கள். விலன்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் நடத்தி 2017இல் வெளியிட்ட சோதனையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார இறுதியில் பொருள் வாங்கவும், இன்னொன்றில் நேரத்தை மிச்சப்படுத்தும் சேவைக்கும் 40 டாலர் கொடுத்தார்கள். நேரம் வாங்கிய நாளில்தான் அவர்கள் மனம் இலேசாக இருந்தது. வாரம் ஒரு வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, மிஞ்சும் இரண்டு மணி நேரத்தை ஓவியத்துக்கு வையுங்கள். கை கூசும். கூசட்டும். படபடப்பும் தூக்கமின்மையும் குறையவில்லை என்றால் ஒரு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ நேரில் பாருங்கள்.

அம்மாவிடமும் பேசுங்கள். பாட்டி இறந்த அந்த மூன்று நாட்களைப் பற்றி நீங்கள் இருவரும் ஒருமுறைகூட வாய்விட்டுப் பேசியிருக்க மாட்டீர்கள். அவர் அழுதால் அழட்டும், நீங்களும் கூட அழுங்கள். அடுத்த முறை "வாங்கிக்கட்டுமா?" என்று வந்து நின்றால், "வாங்கிக்கோம்மா" என்று அனுமதி கொடுத்துவிடாதீர்கள். "உனக்குப் பிடிச்சிருக்காம்மா?" என்று மட்டும் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.