கேட்டதும் பார்த்ததும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: தங்களுக்கு மிகவும் பிடித்த பாடகர் யார்? ஒரே ஒரு பெயரைத்தான் சொல்ல வேண்டும். "எல்லோரையும் பிடிக்கும்" என்று நழுவக் கூடாது.

பதில்: நழுவவில்லை. வாணி ஜெயராம். வேலூரில் கலைவாணியாகப் பிறந்து, ஸ்டேட் வங்கியில் வேலை பார்த்து, திருமணத்துக்குப் பின் மும்பைக்குச் சென்று, அங்கே இந்துஸ்தானி இசை பயின்று, 1971இல் ஓர் இந்திப் படத்தின் மூலம் நாடறிந்த குரலாகி, அதன் பிறகே தமிழ்ப் படவுலகில் நிலைபெற்றவர். 1974இல் 'தீர்க்கசுமங்கலி' படத்துக்காக எம்.எஸ்.விஸ்வநாதன் இசையில் அவர் பாடிய 'மல்லிகை என் மன்னன் மயங்கும்' பாடலைச் சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்கும் மெட்டு நினைவுக்கு வந்துவிடும்.

என்னைக் கட்டிப்போட்டது அதற்கு அடுத்த ஆண்டு வந்த பாடல். 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ஸ்ரீவித்யா கச்சேரி மேடையில் அமர்ந்து பாடுவதாக வரும் 'ஏழு ஸ்வரங்களுக்குள்' ஒரு ராகமாலிகை. ராகம் மாறும் இடம் வந்தால் "இதோ மாறப்போகிறேன், கவனியுங்கள்" என்று குரலிலேயே ஒரு சின்ன அறிவிப்பைச் செய்துவிடும் பழக்கம் பாடுகிற பலருக்கும் உண்டு. வாணி ஜெயராம் அதைச் செய்வதில்லை. பக்கத்து அறைக்குப் போவதுபோல இயல்பாகப் போய்விடுகிறார். போய்விட்டார் என்பது நமக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புரிகிறது. அந்தப் பாடலுக்குத் தேசிய விருது கிடைத்தது. பின்னர் மேலும் இரண்டு முறை, இரண்டும் தெலுங்குப் பாடல்களுக்காக. 2023 குடியரசு தினத்தையொட்டிப் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது. அதைக் கையில் வாங்குவதற்கு முன்பே, பிப்ரவரி 4 அன்று மறைந்துவிட்டார்.

கேள்வி: பி.சுசீலாவும் எஸ்.ஜானகியும் இருக்க, வாணி ஜெயராமை முதலிடத்தில் வைப்பது நியாயமா?

பதில்: முதலிடம் வேறு, பிடித்த இடம் வேறு. சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை முதன்முதலில் பெற்றவர் சுசீலா. 'உயர்ந்த மனிதன்' படத்துக்காக. தமிழ் உச்சரிப்பில் அவர் வைத்த அளவுகோலைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். ஜானகியோ குரலாலேயே நடிப்பவர். குழந்தையாகவும் கிழவியாகவும் மாறிப் பாடியிருக்கிறார். அவர் பாடிவிட்ட பிறகு திரையில் நடிப்பவருக்கு மிச்சமிருந்த வேலை குறைவுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வாணி ஜெயராமின் குரல் என்னிடம் எதையும் கேட்பதில்லை. சோகப் பாட்டிலும் விசும்பல் கிடையாது. ஸ்வரத்தை அதன் இடத்தில் நேராகத் தொடுகிறார், சொல்லை முழுதாக உச்சரிக்கிறார், அத்தோடு விட்டுவிடுகிறார். அழுவதா வேண்டாமா என்பதைக் கேட்பவரே முடிவு செய்துகொள்ளலாம். சிலர் இதைக் குளிர்ச்சி என்கிறார்கள். எனக்கு இது மரியாதையாகப் படுகிறது.

கேள்வி: தொலைக்காட்சியில் தாங்கள் விரும்பிப் பார்த்த இசை நிகழ்ச்சி எது?

பதில்: பி.எச்.அப்துல் ஹமீது நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு'. இலங்கை வானொலியில் கேட்டுப் பழகியவர்களுக்கு, அது தொலைக்காட்சிக்கு வந்தபோது ஒரு பழைய நண்பர் வீடு தேடி வந்ததுபோல இருந்தது. கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாடலைப் போட்டியாளர் அந்த நொடியே பாட வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். போட்டியாளர் வார்த்தை மறந்து தடுமாறும்போது அப்துல் ஹமீது கேலி செய்ய மாட்டார், பரிதாபமும் காட்ட மாட்டார். சரியான வரியை அந்தத் திருத்தமான தமிழில் எடுத்துச் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் சென்றுவிடுவார். வீட்டில் இருந்த நாங்களோ அதற்குள் மூன்று பாடல்களைக் கத்தித் தீர்த்திருப்போம். ஏ.வி.ரமணனின் 'சப்தஸ்வரங்கள்' நிகழ்ச்சியையும் தவறவிட்டதில்லை.

கேள்வி: இன்றைய பாட்டுப் போட்டிகள் பிடிக்கவில்லையா?

பதில்: பாடும் பிள்ளைகளைப் பிடிக்கிறது. அந்த வயதில் அந்தச் சங்கதிகளை நம்மால் நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. என் குறையெல்லாம் கேமராவின் மீதுதான். ஒரு சிறுமி சரணத்தின் மேல் ஸ்தாயியை எட்டிப் பிடிக்கிற அந்தக் கணத்தில், அவளுடைய அம்மா கண்ணைத் துடைப்பதைக் காட்டுகிறார்கள்; பிறகு நடுவர் எழுந்து நிற்பது, பிறகு மீண்டும் அம்மா, இம்முறை மெதுவாக. ஸ்வரம் வந்து போனதையே கவனிக்க முடிவதில்லை. சில சமயம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்க்கிறேன். அப்போது நன்றாகவே இருக்கிறது.

கேள்வி: பிடித்த தொடர்?

பதில்: 'மர்மதேசம்'. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம். வாரம் ஒரு முறைதான் என்பதால் மீதி ஆறு நாளும் கதையை நாங்களே வளர்த்துக்கொண்டிருந்தோம்.

கேள்வி: வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' நிகழ்ச்சியின் பாடல்களை டேப்ரெக்கார்டரில் பதிவு செய்ததாக முன்பொரு இதழில் எழுதியிருந்தீர்கள். அந்தக் கேசட் இன்னும் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, ஆனால் ஓடாது. நாடா ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்போது தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து டேப்ரெக்கார்டருக்கு ஒயர் இணைக்கத் தெரியாது. ஒலிபெருக்கிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் டேப்ரெக்கார்டரை வைத்து, சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்திவிட்டு, வீட்டில் எல்லோரையும் மூச்சுவிடாமல் உட்கார வைப்பேன். எந்தப் பாட்டு வரும் என்பது முன்கூட்டித் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை வாணி ஜெயராம் பாட்டு வந்தது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். அடுப்பில் இருந்த குக்கரிடம் சொல்ல மறந்துவிட்டோம். இரண்டாவது சரணம் முடிகிற இடத்தில் நீளமாக ஒரு விசில்.

பல ஆண்டுகள் அந்தப் பாட்டை விசிலோடுதான் கேட்டோம். இப்போது கைபேசியில் துல்லியமாகக் கேட்கிறது. பின்னணியில் வயலின்கள் இருப்பதே இப்போதுதான் தெரிய வந்தது. ஆனாலும் என் தங்கை பக்கத்தில் இருந்தால், சரணம் முடிகிற இடத்தில் வாயைக் குவித்துக் குக்கர்போல ஒரு விசிலடித்துவிட்டுத்தான் பல்லவிக்கு வழிவிடுகிறாள்.