பெருச்சாளி வளையா, வெறும் குழியா?

கேள்வி: என் வீட்டுக்காரர் நந்தனம் கோல்ஃப் கோர்ஸ்ல கேடி, அதாவது ஆட்டக்காரங்களோட பையைத் தூக்கிட்டுப் போறவர். பையன் ப்ளஸ் டூ முடிச்சிட்டான். அப்பா கூட போய்ப் போய் ஆட்டத்தை விட ரூல்ஸ் மேலதான் பைத்தியம், ரெஃப்ரீ ஆகணும்னு நிக்கிறான். அது ஒரு வேலையா சார்?
- வாசகி, சைதாப்பேட்டை

பதில்: வேலைதாம்மா, அதுவும் ரொம்ப மரியாதையான வேலை. ஜான் பாராமோர்னு ஒரு இங்கிலாந்துக்காரர், ஐரோப்பிய டூர்ங்கற கோல்ஃப் போட்டித் தொடர்ல 40 வருஷத்துக்கு மேல இருந்து தலைமை ரெஃப்ரீ ஆனவர், 2023ல காலமானார், அவர் கதையை உங்க பையன்கிட்ட சொல்லுங்க. 1994ல ஸ்பெயின்ல வால்டெராமா மைதானம், வோல்வோ மாஸ்டர்ஸ் போட்டியோட கடைசி நாள், கடைசி ஹோல். சொந்த நாட்டு ஹீரோ செவே பாலஸ்டெரோஸ் அடிச்ச பந்து ஒரு மரத்தடி குழியில போய் உக்காந்துருச்சு. இது மிருகம் வளை தோண்டின குழி, எனக்கு பெனால்ட்டி இல்லாம ரிலீஃப் வேணும்ங்கறார் செவே. நம்மூரு பெருச்சாளி வளை மாதிரின்னு வெச்சுக்கோங்க, வளைன்னு நிரூபணமானா பந்தை எடுத்து வேற இடத்துல விடலாம். செவே ரொம்ப நேரம் வாதாடினார், கூட்டம் முழுக்க அவர் பக்கம், பாராமோர் எல்லாத்தையும் பொறுமையா கேட்டு, குழியை நல்லா பாத்துட்டு, வளைங்கறதுக்கு அடையாளம் இல்லைன்னு மறுத்துட்டார். செவே ஒரே ஒரு ஸ்ட்ரோக்ல, அதாவது ஒரே ஒரு அடி கூடப் போனதால, தோத்தார், கப் பெர்ன்ஹார்ட் லாங்கருக்கு போச்சு.

2013ல அமெரிக்காவுல நடந்த அகஸ்டா மாஸ்டர்ஸ் போட்டியிலயும் பாராமோர்தான், பந்தை அடிக்க ரொம்ப நேரம் எடுத்து லேட் பண்ணினதுக்காக குவான் தியான்லாங்னு 14 வயசு சீனப் பையனுக்கு ஒரு ஸ்ட்ரோக் பெனால்ட்டி போட்டார். சின்னப் பையன்னு எல்லாருக்கும் மனசு கஷ்டமாச்சு, எனக்கும்தான், ஆனா ஏற்கெனவே எச்சரிச்சாச்சே, அப்புறம் வயசு பாத்து விட்டா மத்த ஆட்டக்காரங்களுக்கு என்ன நியாயம்? நல்லவேளை அவன் 'கட்'டைத் தாண்டிட்டான், அதாவது கடைசி ரெண்டு ரவுண்டு ஆடத் தகுதி பெற்றுட்டான்.

பாராமோர் டூர்ல கப் ஜெயிச்ச ஆட்டக்காரர் இல்லம்மா, அதனால ஆட்டம் சுமாரா இருக்கேன்னு பையன் கவலைப்பட வேண்டாம். கோல்ஃப் ரூல்ஸை வகுக்கற ஆர் அண்ட் ஏ அமைப்போட ரூல்ஸ் அகாடமி ஆன்லைன்லயே இருக்கு, இன்னைக்கே ஆரம்பிக்கலாம். ஆனா முழுநேர சம்பளம்னா பெரிய டூர்கள்லதான், நிறைய பேர் வாலண்டியராதான் நிக்கறாங்க, அதனால காலேஜை விட்டுடாம படிக்கச் சொல்லுங்க, லீவு நாள்ல உள்ளூர் போட்டியில போய் நின்னு பழகட்டும். கேடி வீட்டுப் பையன், புல்லும் மண்ணும் தெரியும், அது எந்தப் புத்தகத்துலயும் கிடைக்காது.

கேள்வி: நாய் தோண்டின குழியில பந்து விழுந்தா?
- வாசகர், கிண்டி

பதில்: முன்னாடி நாய்க்குழிக்கு ரிலீஃப் கிடையாது, வளை தோண்டி வாழற பிராணியா இருந்தாத்தான் உண்டு. 2019ல மாத்திட்டாங்க. புழு பூச்சி போட்ட ஓட்டை மட்டும் கணக்குல வராது, நாய் தோண்டினதுக்கு தாராளமா ரிலீஃப் எடுக்கலாம். பந்தை முட்டி உயரத்துலேந்து விடணும், தோள் உயரமெல்லாம் அப்பவே போயாச்சு.