எண்ணமும் செல்வமும்: அன்பர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

எண்ணத்தின் வலிமையால் செல்வம் சேருமா என்பது குறித்து அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, நீண்ட காலமாகத் திருக்குறள் வகுப்பும் தியான வகுப்பும் நடத்திவரும் நம் மூத்த உறுப்பினர் அளித்த பதில்கள் இவை.

ஈரோட்டிலிருந்து ஜவுளிக்கடை ஊழியர் ஒருவர்: ஐயா, நான் பணம் கட்டிச் சேர்ந்த ஒரு பயிற்சி வகுப்பில், “எண்ணிய எண்ணியாங்கு எய்துப” என்று வள்ளுவரே சொல்லிவிட்டார், ஆகவே பணத்தை ஆழமாக எண்ணினாலே போதும், அது தானாக வந்து சேரும் என்றார்கள். இது சரிதானா?

பதில்: தம்பி, குறளை முழுமையாகப் படித்துப் பாருங்கள். “எண்ணிய எண்ணியாங்கு எய்துப எண்ணியார் திண்ணியர் ஆகப் பெறின்” என்பது 666ஆம் குறள். அது ‘வினைத்திட்பம்’ என்னும் அதிகாரத்தில் இருக்கிறது. அதாவது, எடுத்த செயலில் காட்டவேண்டிய உறுதியைப் பேசும் இடத்தில் இருக்கிறது. ‘திண்ணியர்’ என்ற சொல்லுக்குப் பரிமேலழகரும், நினைத்ததை அடைவதற்கு வாயிலாகிய வினையிலே திண்மை உடையவர் என்றே பொருள் கொள்கிறார். இதற்கு இரண்டு குறள் முன்னால், “சொல்லுதல் யார்க்கும் எளிய அரியவாம் சொல்லிய வண்ணம் செயல்” என்று வள்ளுவர் சொல்லியிருப்பதையும் சேர்த்துப் படித்தால், எண்ணம் மட்டும் போதும் என்ற பொருளுக்கு அங்கே இடமே இல்லை என்பது விளங்கும்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். “உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்” என்ற குறளையும் இவ்வகை வகுப்புகளில் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். அதன் மறுபாதி, “மற்றது தள்ளினும் தள்ளாமை நீர்த்து” என்பது. உயர்வாக எண்ணு, அது கைகூடாமற் போனாலும் கைகூடியதற்கு ஒப்பாகும் என்கிறார். கைகூடாமற் போகலாம் என்பதை அவர் அந்த இடத்திலேயே ஒப்புக்கொள்கிறார் என்பதுதான் எனக்கு அந்தக் குறளின் மீது இவ்வளவு மதிப்பு ஏற்படக் காரணம். பலன் நிச்சயம் என்று அவர் யாருக்கும் வாக்களிக்கவில்லை. ஆனாலும் சிறுமையாக எண்ணாதே என்று கேட்டுக்கொள்கிறார்.

திண்டுக்கல்லிலிருந்து இல்லத்தரசி ஒருவர்: அரிசி தீர்ந்துவிட்டால் “இல்லை” என்று சொல்லக் கூடாது, “நிறைந்திருக்கிறது” என்றுதான் சொல்ல வேண்டும் என்று என் மாமியார் கண்டிக்கிறார். ததாஸ்து தேவதைகள் “அப்படியே ஆகட்டும்” என்று சொல்லிவிடுவார்களாம். இது மூடநம்பிக்கைதானே?

பதில்: அம்மா, அதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். விளக்கை ‘அணை’ என்று சொல்லாமல் ‘குளிர வை’ என்றும், புறப்படும்போது ‘போகிறேன்’ என்று சொல்லாமல் ‘போய் வருகிறேன்’ என்றும் நம் வீடுகளில் சொல்லி வந்திருக்கிறார்கள். சொல்லுக்கு ஆற்றல் உண்டு என்ற நம்பிக்கை இதன் பின்னால் இருக்கிறது. அதை நானும் என் அளவில் மதிக்கிறேன். குழந்தைகள் காது கேட்க ‘இல்லை, இல்லை’ என்று நாள் முழுவதும் புலம்பாமல் இருப்பது எந்த வீட்டுக்கும் நல்லது. உங்கள் மாமியாரின் சொற்படியே பேசுங்கள். என் தாயாரும் அப்படித்தான் பேசுவார். ஆனால் ‘நிறைந்திருக்கிறது’ என்று சொன்ன கையோடு பையை என்னிடம் கொடுத்துக் கடைக்கு அனுப்பிவிடுவார்.

தூத்துக்குடியிலிருந்து கல்லூரி ஆசிரியர் ஒருவர்: எதை ஆழமாக எண்ணுகிறோமோ அது நம்மை நோக்கி ஈர்க்கப்படும் என்று, இன்று ‘ஈர்ப்பு விதி’ என்ற பெயரில் பேசப்படும் கருத்து தமிழுக்கு எப்போது வந்தது?

பதில்: உங்கள் ஊர்க்காரர் வ.உ.சிதம்பரனார் வழியாகத்தான் அதன் முதல் அலை வந்தது என்று சொல்ல வேண்டும். எண்ணத்தால் நோய் தீரும் என்ற கொள்கையை அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் பரப்பியவர் பினியாஸ் குவிம்பி என்னும் கடிகாரத் தொழிலாளி. அவருடைய வழியில் வந்தவர்கள், எண்ணத்தால் நோய் தீருமானால் வறுமையும் தீரும் என்று பிற்பாடு சேர்த்துக்கொண்டார்கள். அதே காலத்தில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஆலன் என்பவர் இதை அறநெறியாக எழுதினார். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன தந்தை அங்கே கொலையுண்டதால் 15 வயதில் பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர் அவர். 1903இல் அவர் வெளியிட்ட சிறு நூலைத்தான் வ.உ.சிதம்பரனார் ‘மனம் போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். பின்னர் அதே ஆசிரியரின் நூல்களை ‘அகமே புறம்’, ‘வலிமைக்கு மார்க்கம்’, ‘சாந்திக்கு மார்க்கம்’ என்ற பெயர்களிலும் தந்தார்.

இதை மொழிபெயர்த்தவர் யார் என்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டவர். 1908இல் சிறைத்தண்டனை பெற்றுக் கோவைச் சிறையில் செக்கிழுத்தவர். 1912 இறுதியில் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, வழக்கறிஞர் தொழில் செய்யும் உரிமையும் இல்லை. அதன் பிறகு பல ஆண்டுகள் கடனிலும் வறுமையிலும் வாழ்ந்தார். மனம் போல் வாழ்வு அமையும் என்பதற்குப் ‘பணம் வரும்’ என்பதுதான் பொருள் என்றால், அவருடைய மனத்தில் ஏதோ குறை என்றல்லவா முடிவு செய்ய வேண்டியிருக்கும்? அப்படி ஒரு முடிவை நம்மில் யாரும் ஏற்கமாட்டோம். இந்தக் கருத்தைத் தமிழில் தந்தவரின் வாழ்க்கையே, அதை எந்தப் பொருளில் கொள்ள வேண்டும் என்பதற்கு விளக்கவுரையாக இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

சென்னையிலிருந்து வங்கி ஊழியர் ஒருவர்: அட்சய திருதியை அன்று ஒரு குண்டுமணித் தங்கமாவது வாங்கினால் செல்வம் பெருகும் என்பது உண்மையா?

பதில்: ‘அட்சயம்’ என்றால் குறையாதது. அந்த நாளுக்குரிய பழைய வழக்கம் தானம். நீர்க்குடமும் விசிறியும் தயிர்சாதமும் வெயிற்காலத்தில் தேவைப்படுவோருக்குக் கொடுப்பார்கள். கனகதாரா தோத்திரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் கதையும் கொடுப்பதைப் பற்றியதே. பிச்சைக்கு வந்த பாலசங்கரருக்கு, வீட்டில் வேறு எதுவும் இல்லாத நிலையில், இருந்த ஒரு நெல்லிக்கனியையும் போட்டுவிட்டாள் ஓர் ஏழைப் பெண். கடன் வாங்கி நகை எடுப்பதற்கு அந்தக் கதையில் எந்த ஆதாரமும் இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து பொறியியல் பட்டதாரி ஒருவர்: நல்ல வேலை கிடைத்துவிட்டதாகத் தினமும் காலையும் மாலையும் அரை மணி நேரம் கண்ணை மூடிக் காட்சியாகக் கண்டு வருகிறேன். எட்டு மாதமாயிற்று. எங்கே தவறுகிறேன்?

பதில்: இந்த எட்டு மாதத்தில் எத்தனை இடங்களுக்கு விண்ணப்பித்தீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை, அதை முதலில் எண்ணிப் பாருங்கள். கேப்ரியேல் ஊட்டிங்கன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாவும் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், படிப்பு முடித்து வேலை தேடிய மாணவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வேலை கிடைத்துவிட்டதாக இனிய கற்பனைகளில் அதிகம் திளைத்தவர்கள் குறைவாக விண்ணப்பித்திருந்தார்கள். குறைவான வேலைவாய்ப்புகளும் குறைவான சம்பளமும் பெற்றிருந்தார்கள். தமக்கு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு இருந்தவர்களோ நன்றாகவே தேறினார்கள். நம்பிக்கை வேறு, கற்பனையில் திளைப்பது வேறு. கற்பனையில் அடைந்துவிட்ட ஒன்றுக்காக உடம்பு எழுந்து ஓடுவதில்லை. காலை அரை மணி நேரத்தைக் காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்; ஆனால் அந்தக் காட்சியில் வேலைக்கும் உங்களுக்கும் இடையே நிற்கும் தடையையும் சேர்த்துப் பாருங்கள். மாலை அரை மணி நேரத்தை விண்ணப்பம் எழுதுவதற்குக் கொடுத்துவிடுங்கள்.

மதுரையிலிருந்து பெயர் வெளியிட விரும்பாத சகோதரி ஒருவர்: என் கணவரின் அரிசி மண்டி நட்டத்தில் மூழ்கிவிட்டது. நான் எப்போதும் பயந்து பயந்து எதிர்மறையாக நினைத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று உறவினர் சொல்கிறார்கள். தியான வகுப்பிலும் கிட்டத்தட்ட அதையே சொன்னார்கள். எனக்கு உறக்கமே இல்லை.

பதில்: சகோதரி, வந்த கேள்விகளில் உங்கள் கேள்விதான் என்னை மிகவும் வருத்தியது. உங்கள் பயம் மண்டியைக் கவிழ்க்கவில்லை. விலை இறங்குவதும், கொடுத்த கடன் திரும்பாததும், வட்டி ஏறுவதும் உங்கள் மனத்திலிருந்து புறப்பட்டவை அல்ல.

வறுமைக்கும் எண்ணத்துக்கும் தொடர்பு உண்டு என்பது உண்மைதான்; ஆனால் அந்தத் தொடர்பு பெரும்பாலும் எதிர்த்திசையில் ஓடுகிறது. விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்தில் 54 ஊர்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. அதே விவசாயியை, அறுவடைக்கு முன்பு பொருளை அடகு வைத்துக் கடனில் தவிக்கும் காலத்திலும், அறுவடை முடிந்து கையில் காசு வந்த பிறகும் சோதித்தார்கள். முன்னதைவிடப் பின்னதில் அவருடைய சிந்தனைத் திறன் தெளிவாக மேம்பட்டிருந்தது. ஆள் மாறவில்லை, பணக்கவலைதான் குறைந்திருந்தது. பணமுடை மனத்தை நெரிக்கிறது. நெரிபட்ட மனத்தைக் காட்டி, இதனால்தான் உனக்குப் பணமுடை என்று சொல்வது கொடுமை.

நம் நூல்களும் வறியவரைக் குற்றவாளியாக்கவில்லை. “இருவேறு உலகத்து இயற்கை திருவேறு தெள்ளியர் ஆதலும் வேறு” என்று, செல்வம் சேர்வதும் அறிவு தெளிவதும் வெவ்வேறு என்று வள்ளுவர் பிரித்துவைத்தார். ஒருவன் பிச்சையெடுத்துத்தான் உயிர்வாழ வேண்டுமென்றால் இந்த உலகைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்றார். அவருடைய கோபம் பிச்சையெடுப்பவன் மீது விழவில்லை. இப்போதைக்குத் தியானத்தைவிட உங்களுக்கு உறக்கம் முக்கியம். உறக்கமின்மை தொடருமானால் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். கடன் விவரங்களை ஒரே தாளில் எழுதி, நம்பகமான ஒருவரோடு நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து உட்காருங்கள். பழி சொல்லும் உறவினரோடு வாதாட வேண்டியதில்லை.

சேலத்திலிருந்து அன்பர் ஒருவர்: “வாழ்க வளமுடன்” என்று நாள்தோறும் சொன்னால் எனக்கு வளம் வருமா?

பதில்: கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி அந்த வாழ்த்தைப் பிறரை நோக்கிச் சொல்லக் கற்றுக்கொடுத்தார், நமக்குத் தீங்கு செய்தவரையும் அப்படியே வாழ்த்தச் சொன்னார். அதோடு எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் ஆகிய பயிற்சிகளையும் வைத்தார். ஆசையைச் ‘சீரமைத்தல்’ என்ற சொல்லைக் கவனியுங்கள்: எந்த ஆசை தேவை, எது தேவையில்லை, தேவையானதற்கு நம்மிடம் வசதி உண்டா, பின்விளைவு என்ன என்று தாளில் எழுதிப் பார்க்கும் பயிற்சி அது. பகைவரை மனமார வாழ்த்திப் பழகியவருக்கு உள்ளத்தில் வெறுப்பின் சுமை குறைவதை நான் பலரிடம் கண்டிருக்கிறேன், என்னிடமும் கண்டிருக்கிறேன். பணம் வருமா என்றால், அதற்கு நான் உறுதி கூற மாட்டேன்.

திருச்சியிலிருந்து தந்தை ஒருவர்: ‘நான் கோடீஸ்வரன்’ என்று தினமும் 108 முறை எழுதும்படி யாரோ சொன்னதைக் கேட்டு, பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் எழுதி வருகிறான். தடுக்கலாமா?

பதில்: திட்டித் தடுக்க வேண்டாம், இப்படி எழுதும் பிள்ளையின் மனத்தில் வீட்டுப் பணக்கஷ்டம் பற்றிய கவலை ஏதேனும் இருக்கலாம். இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கோடி ரூபாய் கிடைத்தால் முதலில் என்ன செய்வாய் என்று கேளுங்கள். அவன் சொல்வதை இடைமறிக்காமல் கேட்டு முடித்துவிட்டு, பிறகு எனக்கு எழுதுங்கள்.