உயரம் குறைந்தால் ‘ஆ’வும் குறையுமா?

கோலாலம்பூர், செந்தூல் வாசகி ஒருவர் கேட்கிறார்: “வயது 43, உயரம் 150 செண்டிமீட்டர், எடை 46 கிலோ. தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கோயில் தேவார வகுப்பில் ‘ஆ’ என்று ஒரே மூச்சில் நீட்டச் சொல்கிறார்கள். எனக்கு 11 விநாடிதான் வருகிறது. பக்கத்தில் நிற்கும் உயரமான அண்ணன் 25 விநாடி இழுக்கிறார். என் நுரையீரல் சின்னது என்பதாலா? மகன் மருந்துக்கடையில் மூன்று உருண்டை ஏறி இறங்கும் மூச்சுப் பயிற்சிக் கருவி வாங்கித் தந்திருக்கிறான். அதை ஊதினால் கூடுமா?”

உயரத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் உங்கள் 11 விநாடி முழுவதையும் அதன் தலையில் போட முடியாது.

மூச்சை முழுதாக இழுத்து, இனி இல்லை என்கிறவரை வெளியே விட்டால் வரும் காற்றின் அளவு பெரும்பாலும் மூன்றைப் பொறுத்தது: உயரம், வயது, ஆணா பெண்ணா என்பது. எடை அந்தக் கணக்கில் பெரிதாக வருவதில்லை. சாப்பிட்டு உடம்பு போட்டால் நுரையீரல் வளராது. வயிற்றுக் கொழுப்பு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத்தை மேலே தள்ளி, இருக்கிற இடத்தையும் குறைக்கும். ‘ஒல்லியாக இருக்கிறாய், அதான் மூச்சு நிற்கவில்லை’ என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

உங்கள் உயரம், வயதுக்கு இந்த அளவு இரண்டரை லிட்டரை ஒட்டி இருக்கும். அந்த அண்ணன் 175 செண்டிமீட்டர் என்றால் அவருக்கு நாலரை லிட்டர் என்று வைப்போம். ‘ஆ’ சொல்லும்போது குரல் நாண்களின் வழியே விநாடிக்குச் சுமார் 100 முதல் 200 மில்லிலிட்டர் காற்று போகும். அவருடைய 4,500-ஐ 25-ஆல் வகுத்தால் 180. சரி, இயல்புதான். உங்கள் 2,500-ஐ 11-ஆல் வகுத்தால் 227. இது கொஞ்சம் அதிகம். சிறிய நுரையீரலோடும் உங்களுக்குப் பதினாறு விநாடி வந்திருக்க வேண்டும். தண்ணீர் வெட்டு நாளில் தொட்டி எவ்வளவு பெரியது என்பது மட்டுமா முக்கியம்? பைப் ஒழுகுகிறதா என்றும் பார்ப்போம் அல்லவா?

ஒன்று, நீங்கள் மூச்சை முழுதாக நிரப்பாமல் தொடங்குகிறீர்கள். இல்லையென்றால் குரல் நாண்கள் சரியாக மூடாமல் காற்று கசிகிறது. எது என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். நின்றுகொண்டு, ஆழமாக மூச்சிழுத்து, ‘ஸ்ஸ்ஸ்’ என்று முடிந்தவரை நீட்டுங்கள். இதில் குரல் நாண்களுக்கு வேலை இல்லை; நாக்குதான் காற்றை அளந்து விடுகிறது. அப்புறம் நாக்கை அதே இடத்தில் வைத்து, தொண்டையை அதிர விட்டு நீட்டுங்கள். தேசிய மிருகக்காட்சிசாலையான ‘ஜூ நெகாரா’வை மலாய்க்காரர்கள் சொல்லும்போது முதலில் வருகிற ‘z’ ஒலி அது. தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு தெரியும். இரண்டையும் மும்முறை செய்து, ஒவ்வொன்றிலும் நீளமானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் ஏறக்குறைய சமமாகவும் குறைவாகவும் இருந்தால் மூச்சுப் பக்கம் பாருங்கள். ‘ஸ்’ மட்டும் நன்றாக நீண்டு, அதிரும் ஒலி சீக்கிரம் அறுந்தால் குரல் நாண்களைச் சந்தேகிக்கலாம். முதலாவதை இரண்டாவதால் வகுத்து 1.4-க்கு மேல் வந்தால் கவனம் தேவை என்று எக்கல், பூன் என்ற குரல் ஆய்வாளர்கள் இருவர் 1981-இல் எழுதினார்கள். இதை வைத்து நோயை முடிவு செய்யக்கூடாது. மருத்துவரிடம் போகலாமா என்று முடிவு செய்யலாம். எனக்கு உங்கள் உயரத்தைவிட வேலைதான் உறுத்துகிறது. நாள் முழுக்க வகுப்பில் சத்தம் போட்டுப் பேசுகிறவர்களுக்குக் குரல் நாண்களின் விளிம்பில் காய்ப்பு போல முடிச்சு வருவது சகஜம். அந்த முடிச்சு இருபுறமும் மூட விடாது, காற்று வீணாகும்.

பாடும் முறையிலும் கசிவு உண்டு. மூச்சை மிச்சப்படுத்துவதாக நினைத்துக் காற்றோடு கலந்த மெல்லிய குரலில் பாடினால் செலவு கூடத்தான் செய்யும். ‘ஆ’வை ‘ஹா’ என்று தொடங்கினாலும் அப்படித்தான். குரல் வருமுன்பே கொஞ்சம் காற்று போய்விடுகிறது. ஸ்ட்ராவை உதட்டில் கவ்வி, அதன் வழியே ‘ஊ’ என்று மெதுவாக ஏற்றி இறக்கிப் பாடுங்கள். சிலமுறை செய்தால் போதும். நாண்கள் ஒன்றோடொன்று மோதாமல் சேரப் பழகும். பதிகம் பாடும்போது 25 விநாடி தேவையே இல்லை. சீர் முடிகிற இடத்தில் தாராளமாக மூச்செடுங்கள்.

அந்த மூன்று உருண்டைக் கருவியை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும்! பெரும்பாலும் அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் நுரையீரலை விரிக்கப் பயன்படுத்துவது. அதில் எழுதியிருக்கும் 600, 900, 1200 என்பவை விநாடிக்கு எவ்வளவு வேகத்தில் உள்ளே இழுக்கிறீர்கள் என்பதுதான், நுரையீரலின் அளவு இல்லை. ஆழமாக மூச்செடுக்கப் பழகலாம். கசிவை அது அடைக்காது.

குரல் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காத்திருக்க வேண்டாம். மாடிப்படி ஏறும்போது மூச்சு இளைத்தாலோ சளியில் இரத்தம் வந்தாலோ உடனே போங்கள். மற்றபடி, அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிக் காட்டி, காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். ஆசிரியை என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். மெல்லிய குழாய்க் கேமராவில் குரல் நாண்களைப் பார்ப்பது சில நிமிட வேலை. நீங்கள் அளந்த விநாடிகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொண்டுபோனால் பேச்சு சிகிச்சையாளருக்கும் உதவும்.