வேண்…

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு 41 வயது. வேலைக்குப் போகிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு காதல் நாவல்கள் படிப்பேன். சில வருடங்களாக நான் தேடிப் படிப்பதெல்லாம் ஒரே வகை. அடக்கி ஆளும் நாயகன், அவனுக்குப் பணிந்துபோகும் நாயகி. படுக்கையறைக் காட்சிகளும் அப்படித்தான். நிஜத்தில் யாராவது என்னிடம் குரலை உயர்த்தினால் அங்கேயே பதில் கொடுத்துவிடுவேன். படித்த பெண்ணான எனக்கு இது ஏன் பிடிக்கிறது என்று தெரியவில்லை.

நாங்கள் ஆறு பேர் மாதம் ஒருமுறை கூடி, படித்ததைப் பற்றிப் பேசுவோம். போன முறை பேச்சு இங்கே வந்து நின்றது. ஒரு தோழி, இந்தக் கதைகள் பெண்களுக்கு அவமானம், தடை செய்ய வேண்டும் என்றார். இன்னொருவர், கதைதானே, விடுங்கள் என்றார். வேறொருவர், இதெல்லாம் வெளியிலிருந்து வந்த சீக்கு என்றார். எங்களில் இருக்கும் ஒரே ஆண், "பெண்கள் மனசுக்குள்ள ஆசைப்படறது இதைத்தான், வெளியில ஒத்துக்க மாட்டாங்க" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை…

இது மனநோயா? இந்தக் கதைகளை நான் நிறுத்திவிட வேண்டுமா? கணவரிடம் சொல்லலாமா?

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேசையில் என்னுடைய பழைய குறுநாவல் ஒன்றின் மெய்ப்புத் தாள்கள் கிடந்தன. மறுபதிப்புக்காகத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. இரண்டு நாளாக அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. யாரிடமாவது அதைச் சொல்ல வேண்டும்போல இருந்த நேரத்தில் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். நோயா என்றால், இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேடு, இப்படியான விருப்பம் வேறு, நோய் வேறு என்று பிரித்துச் சொல்லிவிட்டது. வளர்ந்த இருவர், இருவருக்கும் சம்மதம், யாருக்கும் துன்பமோ தீங்கோ இல்லை என்றால் அந்த விருப்பத்தை மட்டும் வைத்து ஒருவரை நோயாளி என்று சொல்ல முடியாது. நீங்களோ கதை படிக்கிறீர்கள், அவ்வளவுதான். வெளியிலிருந்து வந்தது என்ற தோழிக்கு "ஊடலில் தோற்றவர் வென்றார்" என்ற குறளைக் காட்டுங்கள். காதலில் தோற்பதற்கும் ஒரு ருசி உண்டு என்பது நம் மொழிக்குப் பழைய செய்தி. தடை கேட்டவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

'படித்த பெண்ணான எனக்கு' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அடித்துவிடுங்கள். படிக்காத பெண்ணுக்குப் பிடித்திருந்தால் அதில் வியக்க ஒன்றுமில்லை என்றா நினைக்கிறீர்கள்? ஆசை சான்றிதழைப் பார்த்து வருவதில்லை. உங்களைப் பற்றி உங்களுக்கு வெட்கம் வரும்போது இன்னொரு பெண்ணை ஒரு படி கீழே நிறுத்திக்கொள்கிறீர்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அதைவிடக் கோபம், அந்த மனிதர் பேசியபோது நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தது. அதற்குப் பதில் இருக்கிறது. ஜேனிஸ் ராட்வே என்ற ஆய்வாளர் காதல் நாவல் வாசகிகளோடு உட்கார்ந்து பேசி 1984-ல் ஒரு புத்தகம் எழுதினார். காதல் கதையில் ஒருபோதும் வரக் கூடாதவை எவை என்று அந்தப் பெண்களிடம் கேட்டார். அவர்கள் முக்கியமாகச் சொன்னவற்றில் ஒன்று வன்புணர்ச்சி. அவர்களுக்குப் பிடித்த நாயகன் பலசாலி, ஆனால் உள்ளே கனிந்தவன். புத்தகத்தைக் கையில் எடுப்பதே அவர்களுக்கு வீட்டாரிடம் 'கொஞ்ச நேரம் என்னை விடுங்கள்' என்று சொல்லும் வழியாக இருந்தது. கற்பனையில் ஒருத்தி பணிகிறாள் என்றால் அந்தக் கற்பனையை நடத்துகிறவளும் அவள்தான். யார் வர வேண்டும், எந்த இடத்தில் கை நீள வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எல்லாம் அவள் முடிவு. உங்கள் நண்பருக்கு அந்த அறைக்குள் இடமே கிடையாது. 1954-ல் பிரெஞ்சில் 'ஓ-வின் கதை' வந்தபோது, ஒரு பெண் முழுமையாக அடிமையாகும் கதை அது, ஆண்தான் எழுதியிருக்க வேண்டும் என்று பலர் நம்பினார்கள். 40 ஆண்டுகள் கழித்து 1994-ல், பதிப்புத் துறையிலேயே வாழ்ந்த ஆன் டெக்லோ என்ற பெண் தான்தான் எழுதியதாகச் சொன்னார். பெண்ணால் இப்படி எழுத முடியாது என்று சொன்ன காதலருக்காக எழுதியது. பணிவதைப் பற்றி எழுத எவ்வளவு திமிர் வேண்டியிருந்திருக்கிறது பாருங்கள்.

இனி என் பக்கத்துக்கு வருகிறேன்.

23 வயதில் நான் மாத நாவல்கள் வெளியிடும் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்பு பார்த்தேன். அங்கே ஆசிரியராக இருந்தவருக்கு ஒரு பழக்கம். நெருக்கமான காட்சியில் நாயகி 'வேண்டாம்' என்று சொன்னால், பாதிச் சொல்லை அடித்துவிட்டு மூன்று புள்ளி வைக்கச் சொல்வார். 'வேண்…' மீதியை நாயகனின் உதடுகள் மூடிவிடும். ஏன் சார் என்று ஒருநாள் கேட்டேன். "வேண்டாம்னு போட்டா அவன் வில்லனாயிடுவான். வேணும்னு போட்டா அவ கெட்டவளாயிடுவா. மூணு புள்ளி வை, ரெண்டு பேரும் நல்லவங்க" என்றார். எனக்கு அது பெரிய தொழில் நுணுக்கமாகத் தெரிந்தது. நோட்டில் எழுதிக்கூட வைத்துக்கொண்டேன்.

அங்கே டிடிபி, அதாவது கணினியில் அச்சுக்கோக்கும் வேலை செய்த ஓர் அக்கா இருந்தார். பேசவே மாட்டார். ஒரு மத்தியானம் திரையைப் பார்த்தபடியே கேட்டார். "ஏம்மா, இவ என்ன சொல்ல வந்தா? வேணும்னா, வேண்டாம்னா?"

"கதை போகப் போகத் தெரியும்க்கா."

"போகப் போக இவளுக்குப் பிடிச்சுப்போச்சுன்னு வருது. அது சரி. இந்த இடத்துல என்ன சொல்ல வந்தா?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை. மூன்று புள்ளியைத் தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனார். ஆறு வருடம் கழித்து நான் என் சொந்தக் குறுநாவலை எழுதியபோது, நோட்டில் எழுதி வைத்த அந்த நுணுக்கத்தை அப்படியே பயன்படுத்தினேன். என் பேனா நின்ற பக்கத்தில் அந்தப் புள்ளிகள் இருக்கின்றன.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் என்னால் லேசில் விட முடியாது. தமிழில் இரண்டு சொல்லுக்கும் தொடக்கம் ஒன்றுதான். 'வேண்' வரை இரண்டும் ஒன்றாக நடந்து வந்து அங்கே பிரிகின்றன. மிகச் சரியாக அந்த இடத்தில்தான் நாங்கள் வாயைப் பொத்தினோம். ஏன் பொத்தினோம் என்று இத்தனை வயதில் யோசிக்கும்போது தொல்காப்பியக் களவியல் நினைவுக்கு வருகிறது. "தன்னுறு வேட்கை கிழவன்முன் கிளத்தல் எண்ணுங் காலைக் கிழத்திக்கு இல்லை." தன் ஆசையைத் தலைவன் முன்னால் எடுத்துச் சொல்லும் வழக்கம் தலைவிக்குக் கிடையாது. சரி, அவள் வாயால் 'வேண்டும்' சொல்லக் கூடாது. அப்படியானால் 'வேண்டாம்' என்று அவள் சொல்வதற்கு என்ன பொருள் இருக்க முடியும்? விரும்பினாலும் அதைத்தான் சொல்வாள், விரும்பாவிட்டாலும் அதைத்தான் சொல்வாள். இரண்டில் ஒன்றைப் பறித்தால் மற்றதும் செத்துப்போகிறது.

அடக்கி ஆளும் நாயகன் இந்த ஓட்டையை அடைக்கப் பிறந்தவன் என்று நான் நினைக்கிறேன். அவள் கேட்கக் கூடாது, ஆகவே அவன் எடுத்துக்கொள்கிறான். அவன் பலவந்தம் செய்தால் அவள் ஆசைப்பட்டதாக யாரும் குற்றம் சொல்ல முடியாது. சொல்லாமலே அறிகிறவன், கேட்காமலே தருகிறவன். நம் கதைகளில் அவனை 'ஆன்டி ஹீரோ' என்று அழைத்துவிட்டால் போதும், எல்லாம் மன்னிக்கப்படுகிறது. எழுதும் தங்கைகளிடம் இதைக் கோபமாகவே சொல்கிறேன்: அவன் திமிர் பிடித்தவனாக இருக்கட்டும், கட்டளை இடட்டும், அவளை மண்டியிடச் சொல்லட்டும். அவள் மனதை அவன் படித்துவிட்டான் என்று மட்டும் எழுதாதீர்கள். மனதைப் படிப்பவன் கேட்க மாட்டான்.

இது புதிய சிக்கலும் இல்லை. வாத்ஸ்யாயனர் காமசூத்திரத்தின் இரண்டாம் பகுதியில் கலவியில் ஒருவரை ஒருவர் அடிக்கும் அடிகளையும் அப்போது எழும் ஒலிகளையும் வரிசையாகச் சொல்கிறார். அந்த ஒலிகளோடு சில சொற்களையும் சேர்க்கிறார். 'அம்மா', 'நிறுத்து', 'விடு', 'போதும்'. இவையெல்லாம் இன்ப முனகலின் பட்டியலில்! உண்மையிலேயே நிறுத்தச் சொன்னால் என்ன செய்வது? அதே அத்தியாயத்தில் அவரே சாவுக் கணக்கையும் வைக்கிறார். ஒரு சோழ அரசன் சித்திரசேனை என்ற கணிகையைக் கலவியின்போது மார்பில் அடித்துக் கொன்றுவிட்டான். சாதகர்ணி என்ற சாதவாகன அரசன் தன் பட்டத்தரசி மலையவதியையும் கலவியில் அடித்துக் கொன்றான். நரதேவன் என்பவனின் அடி தவறி ஓர் ஆடல் மகள் கண்ணை இழந்தாள். பாயும் குதிரை வழியிலுள்ள கம்பத்தையும் குழியையும் பார்க்காது, காமத்தில் இருப்பவர்களும் அப்படித்தான் என்கிறார். சித்திரசேனை கடைசியாக என்ன சொல்லியிருப்பாள் என்று நான் பல இரவுகள் யோசித்திருக்கிறேன். 'விடு' என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அது பட்டியலில் இருந்த சொல்.

இந்த விருப்பத்தோடு நிஜமாக வாழ்கிறவர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 'சேஃப் வேர்ட்' என்கிறார்கள். விளையாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சொல்லை முன்னாலேயே பேசி வைத்துக்கொள்வது. அதைச் சொன்ன கணத்தில் எல்லாம் நிற்க வேண்டும். அதனால் 'வேண்டாம்' என்பதை ஆட்டத்துக்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், கெஞ்சலாம், மறுக்கலாம். வெளியே வாசற்கதவின் சாவி அவள் கையில் இருக்கிறது. எது கூடும், எது கூடவே கூடாது என்று முதலில் பேசுகிறார்கள். முடிந்த பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதற்கும் பெயர் வைத்திருக்கிறார்கள், 'ஆஃப்டர்கேர்' என்று. நாவலாசிரியர்கள் பலர் முதலில் தாண்டிப் போவது இந்தப் பேச்சுக் காட்சியைத்தான். சூடு ஆறிவிடுமாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தி முகம் சிவக்கச் சொல்வதையும், ஒருவன் அதை ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொள்வதையும் விடக் கிளர்ச்சி தரும் காட்சி எனக்குத் தெரியாது.

2011-ல் வந்து, தொடர் மொத்தமும் 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே'யில் ஒப்பந்தம் பக்கம் பக்கமாக வருகிறது, 'மஞ்சள்', 'சிவப்பு' என்று சேஃப் வேர்டுகளும் இருக்கின்றன. ஆனால் அந்த நாயகன் அவள் போனை வைத்து இருக்குமிடத்தைத் தேடி வருகிறான், அடுத்த பாகத்தில் அவள் வேலை பார்க்கும் நிறுவனத்தையே வாங்குகிறான். அதற்கு அவளிடம் சிவப்பு இல்லை. உங்கள் தோழி 'அவமானம்' என்றது இந்த இடத்தை நினைத்து என்றால் நான் அவர் பக்கம். அறைக்குள் நடக்கும் பணிவை நினைத்து என்றால் இல்லை.

கணவரிடம் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கணவரை எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் நீங்கள் 'வேண்டாம்' என்று சொன்னபோதெல்லாம் அது அவர் காதில் விழுந்திருக்கிறதா? அலுப்பாக இருக்கிறது என்று சொன்ன இரவில், முகம் சுளிக்காமல் திரும்பிப் படுத்திருக்கிறாரா? அப்படியென்றால் தயங்காமல் சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்கள் இருவரும் முதலில் பேச வேண்டியது வேறு.

என் பக்கத்தில் நேற்று ராத்திரி அந்தப் புள்ளிகளை எடுத்துவிட்டேன். முதலில் 'வேண்டாம்' என்று போட்டுப் பார்த்தேன், அதற்குப் பின் வந்த நான்கு பக்கமும் படிக்க முடியாததாக மாறிவிட்டது. 'வேண்டும்' என்று போட்டேன். அவள் அதைச் சொன்னதும் அவனுக்கு அவளை இழுக்க அவசியம் இல்லாமல் போனது. அங்கேயே நின்றான். என்ன வேண்டும் என்று கேட்டான். அதற்கு அவள் சொல்லும் பதிலை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். டிடிபி அக்கா எங்கே இருக்கிறாரோ தெரியவில்லை.

அடுத்த மாதம் நீங்கள் கூடும்போது அந்த மனிதரும் வருவார். அவரிடம் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் 'நான் ஒன்றும் சொல்லவில்லை' என்பதற்குப் பிறகு மூன்று புள்ளி வைத்திருக்கிறீர்கள். அந்த இடத்தில் வந்திருக்க வேண்டியதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்.