ஆளில்லாத பை: ஊழியர்களுக்கு என்ன சொல்லித் தருவது?

கேள்வி: மதுரையில் நான்கு மாடி ஜவுளிக்கடை ஒன்றில் மேலாளராக இருக்கிறேன். ஆடித் தள்ளுபடி சமயத்தில் ட்ரையல் ரூம் பக்கத்தில் ஒரு பை வெகுநேரம் கேட்பாரற்றுக் கிடந்தது. எங்கள் செக்யூரிட்டி அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் வைத்துவிட்டார். உள்ளே யாரோ மறந்துவிட்டுப் போன துணிதான் இருந்தது. அடுத்து தீபாவளிக் கூட்டம். ஊழியர்களுக்கு என்ன சொல்லித் தரலாம்? எல்லாப் பைக்கும் போலீசைக் கூப்பிட்டால் கடை நடத்த முடியாதே.

பதில்: செக்யூரிட்டியைத் திட்டாதீர்கள். கடைக்குள் இருக்க வேண்டாம் என்று நினைத்துத்தான் செய்திருக்கிறார். ஆனால் சந்தேகம் வந்த பொருளைத் தொடவே கூடாது என்பதை அவருக்கு அழுத்தமாகச் சொல்லுங்கள். டைமர் வைத்து வெடிப்பது உண்டு, அசைத்தால் வெடிப்பதும் உண்டு. எது எந்த வகை என்று வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. தண்ணீர் ஊற்றுவது, மணல் கொட்டுவது, ஜிப்பை லேசாகத் திறந்து பார்ப்பது எதுவும் வேண்டாம். பை இருந்த இடத்திலேயே இருக்கட்டும், ஆட்கள்தான் நகர வேண்டும்.

‘இது குண்டா?’ என்று ஊழியரை யோசிக்கச் சொல்லாதீர்கள். அதற்கு அவரிடம் பதில் இருக்காது. பிரிட்டனில் ரயில்வே போலீசார் உருவாக்கி, இப்போது அங்கே மால், மைதானம் எல்லா இடத்திலும் சொல்லித் தருகிற மூன்று கேள்விகள் இருக்கின்றன. பொருளை யாராவது வேண்டுமென்றே மறைத்து வைத்தது போல இருக்கிறதா? வயர், பேட்டரி, சுற்றிச் சுற்றி ஒட்டிய டேப், கசிவு என்று பார்த்தவுடனே உறுத்துகிறதா? அந்த இடத்தில் வழக்கமாகக் காணப்படும் பொருள்தானா?

மூன்றாவது கேள்விக்கு உங்கள் சேல்ஸ் பெண்களைவிட நன்றாகப் பதில் சொல்ல எந்த நிபுணராலும் முடியாது. ட்ரையல் ரூம் ஸ்டூலுக்கு அடியில் ஒரு கட்டைப்பை, மேலே தண்ணீர் பாட்டிலும் பிள்ளையின் செருப்பும் எட்டிப் பார்க்கின்றன என்றால் அது மறதி. அதே அளவு அட்டைப்பெட்டி, தீயணைப்புக் குழாய்ப் பெட்டிக்குப் பின்னால் செருகப்பட்டு, அதன் முன்னால் ஒரு குப்பைக்கூடை நகர்த்தி வைக்கப்பட்டிருந்தால் கதை வேறு. அந்தக் கூடை வழக்கமாக எங்கே இருக்கும் என்பது அந்த மாடியில் வேலை பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

மூன்று கேள்வியோடு விட்டுவிடவும் கூடாது. 2024 மார்ச் 1 அன்று பெங்களூரு ராமேஸ்வரம் கஃபேயில் மதிய நேரம் குண்டு வெடித்தது. வாடிக்கையாளர் போல வந்தவர் ஒரு பையை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார், அப்புறம்தான் வெடித்தது. உயிர்ச்சேதம் இல்லை, பலர் காயமடைந்தார்கள். சாப்பாட்டுக் கடையில் ஒரு பை இருப்பது யார் கண்ணையும் உறுத்தாது. அதனால் சாதாரணமாகத் தெரிகிற பைக்கும் ஆள் தேட வேண்டும். கண்ணில் பட்டவுடன், தொடாமலே, “இது யாரோட பைங்க?” என்று சுற்றியிருப்பவர்களிடம் சத்தமாகக் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே ஒருவர் “ஐயோ, என்னோடதுங்க” என்று ஓடி வருவார். வராவிட்டால் மாடி சூப்பர்வைசருக்குச் சொல்லி, மைக்கில் ஒரு முறை அறிவித்து, கேமராவில் யார் வைத்தது என்று பார்க்கலாம். இதெல்லாம் ஓரிரு நிமிடத்தில் முடிய வேண்டும். கேமராப் பதிவை அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் பயனில்லை. மூன்று கேள்வியில் எதுவும் உறுத்தாமல், மறந்து வைத்ததுதான் என்று தெளிவானால் மட்டும் எடுத்து டோக்கன் கவுண்டரில் கொடுக்கலாம்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஊழியர்கள் பார்க்க வேண்டியது பையையும் அது இருக்கும் இடத்தையும்தான். தாடி, பர்தா, அழுக்குச் சட்டை என்று ஆளைப் பார்த்துச் சந்தேகப்படும் பழக்கம் அநியாயம், அதோடு கவனத்தையும் தப்பான பக்கம் இழுத்துவிடும்.

சரி, ஆளும் கிடைக்கவில்லை, சந்தேகமும் தீரவில்லை. இங்கேதான் கடைகள் தடுமாறுகின்றன. ஃபயர் அலாரத்தை அடிக்காதீர்கள். அலாரம் கேட்டால் ஜனம் பக்கத்துப் படிக்கட்டுக்கு ஓடும், பை இருப்பதே அந்தப் படிக்கட்டு ஓரமாக இருக்கலாம். ஊழியர்கள் நின்று, பைக்கு எதிர்ப்பக்க வழியாக ஆட்களை அனுப்ப வேண்டும். தீ என்றால் சாமானை விட்டுவிட்டு ஓடச் சொல்வோம். இதில் கையில் இருக்கும் சொந்தப் பையை எடுத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சோதிக்க வருகிறவர்களுக்கு நூறு பை மிஞ்சும்.

தோள்பை அளவுப் பொருளுக்குக் குறைந்தது 100 மீட்டர், பெரிய சூட்கேஸ் அல்லது காருக்கு 200, லாரி, வேனுக்கு 400 மீட்டர் என்பது பிரிட்டன் வழிகாட்டுதல். நம் கடைத்தெருவில் 100 மீட்டர் என்பது அடுத்த தெருமுனை. தூரத்தோடு மறைவும் முக்கியம். பை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டாம், கெட்டியான சுவருக்கு அந்தப் பக்கம் போகட்டும். கண்ணாடி முகப்புக்குக் கீழே கூட்டத்தைச் சேர்க்காதீர்கள், வெடிப்பில் பலரைக் காயப்படுத்துவது சிதறும் கண்ணாடிதான். போய் நிற்கிற இடத்திலும் கேட்பாரற்ற பொருள் ஏதாவது இருக்கிறதா என்று ஒருவர் முதலில் பார்த்துவிட வேண்டும்.

வாக்கிடாக்கியும் செல்போனும் பையிலிருந்து 15 மீட்டராவது தள்ளிப் போன பிறகுதான். 112க்கு அழைத்து எந்த மாடி, எந்த மூலை, என்ன நிறம், என்ன அளவு, எப்போது பார்த்தீர்கள், ஆட்களை வெளியேற்றியாயிற்றா என்று சொல்லுங்கள். பையை முதலில் பார்த்தவர் வீட்டுக்குப் போய்விடாமல் போலீஸ் வரும்வரை இருக்க வேண்டும். வெடிகுண்டு நிபுணர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் கதவு திறக்கலாம். முதலாளி சொன்னாலும் அதற்கு முன்பு கூடாது.

முதலாளி என்றதும் நினைவு வருகிறது: பல ஊழியர்கள் வாய் திறக்காததற்குக் காரணம் அறியாமை இல்லை, பயம். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கடையைக் காலி செய்யச் சொல்லி, கடைசியில் அது துணிப்பையாக இருந்தால் வேலை போய்விடுமோ என்ற பயம். எனவே மாடி சூப்பர்வைசர் தன் மாடியைக் காலி செய்ய யாரையும் கேட்க வேண்டியதில்லை, தவறான எச்சரிக்கைக்கு யார் மீதும் நடவடிக்கை இல்லை என்று முதலாளி கையெழுத்துப் போட்ட ஒரு பக்கத் தாள் வாங்குங்கள். நீங்கள் நடத்தும் எந்த வகுப்பையும்விட அது உதவும்.

மாடிப்படிக்கு அடியில் குவிந்திருக்கும் காலி அட்டைப்பெட்டிகளை அப்புறப்படுத்துங்கள். கடை திறக்கும்போதும் மூடும்போதும் அவரவர் பகுதியை அவரவர் ஒரு சுற்றுப் பார்க்கட்டும். அப்புறம் சீசன் தொடங்கும் முன், கடை திறப்பதற்கு முன்பு ஒரு காலையில், உங்கள் பழைய பை ஒன்றைச் சேலைப் பிரிவில் எங்காவது வைத்துவிட்டு நேரத்தைக் குறியுங்கள். எத்தனை நிமிடத்தில் யார் பார்க்கிறார், யாரிடம் சொல்கிறார், யார் கை வைக்கப் போகிறார் என்பது தெரிந்துவிடும். கை வைக்கப் போனவரிலிருந்து பயிற்சியை ஆரம்பியுங்கள்.