லேத்தை விட்டுவிட்டுப் போய் முதலாம் ஆண்டில் உட்கார வேண்டுமா?

அம்மா, நேற்று நீங்கள் பேசிய அரை மணி நேரமும் உங்கள் மகன் வாயே திறக்கவில்லை. கடைசியில் சட்டைப்பையிலிருந்து ஒரு பித்தளை புஷ்ஷை (உருளை வடிவ இயந்திர பாகம்) எடுத்து என் மேசையில் வைத்தான். "இது 0.02 மில்லிமீட்டருக்குள்ள வரணும் சார். நானே புரோகிராம் போட்டு ஓட்டினேன்" என்றான். அப்போதுதான் அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது.

பெண் பார்க்கப் போன இடத்தில் 'ஐடிஐ தானா' என்று கேட்டது உங்களுக்கு வலித்திருக்கும். அதற்காக 3 வருட சிஎன்சி (கணினி கட்டுப்படுத்தும் இயந்திர) வேலையை விட்டுவிட்டு, நகையை அடகு வைத்துத் தனியார் கல்லூரியில் பி.இ. சேர்க்கச் சொல்லும் உங்கள் அண்ணன் பேச்சை நான் ஏற்க மாட்டேன். வட்டி கட்டப் போவது அவர் இல்லை. கட்டணத்தோடு நான்கு வருடச் சம்பள இழப்பையும் கூட்டிப் பாருங்கள். ஐடிஐ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வழி உங்களுக்கே தெரியும், அதை விடுகிறேன்.

வேலையில் கற்றதையே கல்லூரிக் கிரெடிட்டாக, அதாவது பட்டத்துக்குச் சேரும் படிப்பு மதிப்பாக, எடுத்துக்கொள்ளக் கேட்கலாம். 2023இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பில் 30 மணி நேரக் கற்றலுக்கு 1 கிரெடிட். வருடத்துக்கு 40 என்றால் மூன்று வருடப் பட்டத்துக்கு 120. அவன் 240 மணி நேரப் பயிற்சி முடித்திருந்தால் 8 கிரெடிட். அந்தத் துறையிலேயே 1 முதல் 4 வருட அனுபவம் இருந்தால் 1.33ஆல் பெருக்க அந்தக் கட்டமைப்பு இடம் தருகிறது, அப்போது 10.64.

ஆனால் 'பங்கேற்றார்' என்று மட்டும் போட்ட சான்றிதழ் செல்லாது. மணி நேரம், தேர்வு முடிவு, தகுதி நிலை (பயிற்சி எந்தப் படியில் இருக்கிறது என்று காட்டும் எண்) மூன்றும் அதில் இருக்க வேண்டும். சான்று தருவது அங்கீகாரம் பெற்ற அமைப்பாகவும் இருக்க வேண்டும். இந்தத் தகுதி நிலையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பட்டப்படிப்பின் முதல் ஆண்டு 4.5ஆம் நிலை, 4ஆம் நிலைப் பயிற்சியைக் கொண்டுபோய் அந்த ஆண்டின் கிரெடிட்டில் கழிக்கக் கேட்டால் நடக்காது. அவன் கையிலுள்ள ஒவ்வொரு சான்றிதழும் எந்த நிலை என்று முதலில் பாருங்கள். சேரும் கிரெடிட், வங்கிபோல் கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' கணக்கில் இருக்கும். அந்தக் கிரெடிட்டுக்கும் அதிகபட்சம் 7 வருடக் கெடு உண்டு.

அப்புறம், சின்னவன் +2 என்றீர்களே. அப்ரண்டிஸ்ஷிப்பை (வேலையிடத் தொழிற்பயிற்சி) பாடத்திட்டத்திலேயே சேர்த்த பட்டப்படிப்புகள் இருக்கின்றன. அதில் ஒரு வருடப் பயிற்சிக்குக் குறைந்தது 40 கிரெடிட், கூடவே உதவித்தொகை.

பெரியவனுக்கு எத்தனை கிரெடிட் கழியும் என்பதைச் சேரும் கல்லூரிதான் முடிவு செய்யும். அதனால் ஒரு ரூபாய்கூடக் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை கிரெடிட், எந்தெந்தத் தாளுக்குப் பதில், கட்டணம் குறையுமா, வகுப்பு அவன் ஷிப்டோடு மோதுமா. வாயால் 'பார்த்துக்கலாம்' என்கிற இடத்தில் சேர்க்காதீர்கள்.

அடுத்த வாரம் வரும்போது அப்ரண்டிஸ் சான்றிதழ், கம்பெனி கொடுத்த பயிற்சிக் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து வரச் சொல்லுங்கள். உங்கள் அண்ணனையும் அழைத்து வாருங்கள். நகை மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.